இலை தீர்ந்த ஓடை

தெளிந்த தண்ணீரைப் பார்த்து நாம் நிம்மதி அடைகிறோம். அந்தத் தெளிவுக்குள் ஓடை பட்டினி கிடக்கலாம்.

1993ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில், அப்பலாச்சியன் மலைத்தொடரின் கோவீட்டா காட்டுக்குள் ஆய்வாளர்கள் சிலர் ஒரு சிற்றோடைக்குப் பந்தல் போட்டார்கள். ஓலைக்குப் பதில் வலை. ஓடையின் நெடுகிலும் தலைக்கு மேல் வலையை இழுத்துக் கட்டினார்கள். காற்றில் உருண்டு வருவதையும் விடக் கூடாது என்று இரு கரையிலும் தடுப்பு வைத்தார்கள். நோக்கம் ஒன்றுதான்: அந்த ஓடையில் மரத்து இலை விழக் கூடாது. தண்ணீரை அவர்கள் தொடவில்லை. மண்ணைத் தொடவில்லை. ஒரு துளி விஷம் கலக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மணலும் கூழாங்கல்லும் கிடக்கும் படுகையில் பூச்சிப் புழுக்கள் சரிந்திருந்தன. இலையை நேரடியாகத் தின்பவை மட்டுமல்ல, அவற்றைப் பிடித்துத் தின்பவையும் குறைந்திருந்தன. பாசி மூடிய பாறைப் பகுதியில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. தண்ணீரோ முன்போலவே பளிங்கு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு, ஏரி என்றாலே மாசுக்கு நமக்குத் தெரிந்த படம் ஒன்றுதான். பச்சைக் குழம்பாகிப்போன நீர், அதன்மேல் ஆகாயத்தாமரை, செத்து மிதக்கும் மீன். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் மலைக்காட்டு ஓடை சாகும் விதம் வேறு. அங்கே நடப்பது கண்ணுக்குத் தெரியாத பட்டினி. இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் என்னை உலுக்கியது அதுதான்.

ஓடைக்கு இலைதான் சோறு

அடர்ந்த காட்டுக்குள் ஓடும் ஓடைக்கு வெயில் கிடைக்காது. வெயில் இல்லாத இடத்தில் பாசி வளர்ந்து எத்தனை உயிருக்குச் சோறு போட முடியும்? அங்கே சோறு மேலிருந்துதான் வருகிறது. இலை, சுள்ளி, பூ, காய்.

விழுந்த இலையை யாரும் உடனே தின்றுவிடுவதில்லை. மாவு ஒரு ராத்திரி புளித்தால்தானே இட்லிக்கு ஆகும்? இலைக்கும் அப்படி ஒரு புளிப்பு வேண்டும். அதைச் செய்வது நீரில் வாழும் நுண்ணிய பூஞ்சைகள். இவற்றில் பலவற்றின் வித்துகளுக்கு நான்கு கைகள் இருக்கும். ஓடுகிற தண்ணீரில் நங்கூரம் போல இலையில் சிக்கிக்கொள்ள அந்தக் கைகள் உதவுகின்றன. அருவிக்குக் கீழே திரளும் வெள்ளை நுரையில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த வித்துகள் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இவற்றை மங்களூரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பட்டியலிட்டு வருகிறார்கள்.

பூஞ்சை ஏறி மென்மையான இலையைத்தான் பூச்சிப் புழுக்கள் கொறிக்கும். அவை கொறித்து உதிர்த்த தூளைக் கீழே காத்திருக்கும் புழுக்கள் வலை பின்னி வடிகட்டித் தின்னும். இவற்றைத் தும்பியின் இளம் பருவம் பிடிக்கும், தவளை பிடிக்கும். ஓடைக் கரையில் விடிகாலையில் சீழ்க்கை அடிக்கும் சீகாரப் பூங்குருவி அந்தப் பூச்சியையும் நண்டையும் நம்பி வாழ்கிறது. அந்தச் சீழ்க்கைக்குப் பின்னால் மாதக்கணக்கில் மெல்ல ஊறிய ஓர் இலை இருக்கிறது.

மெல்ல என்ற சொல்தான் முக்கியம். ஓடைக்கு இலை ஒரு சேமிப்பு. அடுத்த உதிர்காலம் வரைக்கும் அது தாங்க வேண்டும்.

மாவு பொங்கி வழிந்தது

அதே கோவீட்டா காட்டில், வேறொரு ஓடையில் எதிர்ப்பக்கமான சோதனை நடந்தது. இலையைத் தடுக்காமல், தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கரைத்த நீரை ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் கலந்துவிட்டார்கள். சாக்கடை அளவுக்கு இல்லை. மிதமாகத்தான்.

முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாம் செழித்தன. பூஞ்சை பெருகியது, புழு பெருகியது, புழுவைத் தின்பவையும் பெருகின. அப்போதே ஒருவர் வந்து எட்டிப்பார்த்திருந்தால் ஓடைக்கு உரம் நல்லது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். பிறகுதான் கணக்கு பிசகியது. இரைப் பூச்சிகள் தொடர்ந்து பெருகின, ஆனால் அவற்றைத் தின்னும் உயிர்கள் அதற்கேற்ப வளரவில்லை. காரணம், கூடுதல் சத்தை வாரிக்கொண்டவை உடல் பெருத்த, கூடு கட்டி வாழும் புழுக்கள். வேட்டையாடும் சிறு உயிர்களின் வாய்க்கு அவை அடங்காதவை. பந்தியில் சாப்பாடு நிறைய இருந்தது. பசித்தவர்களுக்கு எட்டவில்லை.

இன்னொரு பக்கம் இலை கரைந்துகொண்டிருந்தது. சித்திரை வெயிலில் மாவு பொங்கிப் பாத்திரம் வழிந்து அடுப்படி முழுக்க ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான் நடந்தது. பூஞ்சையும் புழுவும் வேகம் எடுக்க, இலை ஒரு பங்கு ஆவியாகவும் ஒரு பங்கு தூளாகவும் போனது. ஆவி என்றால் கரியமில வாயு. தூள் வெள்ளத்தோடு கீழே போய்விட்டது. பிறகு அதே காட்டில் ஐந்து ஓடைகளில் வெவ்வேறு அளவில் சத்து சேர்த்துச் செய்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. காட்டிலிருந்து வந்த கரிமப் பொருள் ஓடையில் தங்கும் காலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

ஆண்டு முழுக்க வர வேண்டிய குதிர் நெல் ஆறு மாதத்தில் தீர்ந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று நம் தாத்தா பாட்டிக்குத் தெரியும்.

சத்து இன்னும் ஏறினால்? ஐரோப்பாவில் நூறு ஓடைகளில் வலைப் பைக்குள் ஓக், ஆல்டர் மர இலைகளை வைத்துச் சோதித்த முடிவு 2012இல் வந்தது. சத்து மிகக் குறைவான ஓடைகளில் இலை மெல்ல மக்கியது. நடுத்தர அளவில் வேகமாக மக்கியது. சத்து மிக அதிகமான ஓடைகளில் மறுபடி மெதுவானது. முதலாவது இயற்கையான நிதானம். கடைசியில் வந்ததோ தின்ன ஆளில்லாததால் வந்த நிதானம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நலமாக உறங்குபவரையும் நினைவு தப்பியவரையும் தூரத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

ஒரு தேக்கரண்டி

எவ்வளவு சத்து போதும் ஓர் ஓடையை மாற்ற? அலாஸ்காவில் குப்பாருக் என்ற துந்திர ஆற்றில் 1983 முதல் கோடைதோறும் மணிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார்கள். கலந்த அளவு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. முதலில் பாறைமேல் பாசி தழைத்தது, மீன்கள் கொழுத்தன. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, அதுவரை ஓரமாக இருந்த பாசிச்செடி வகைகள் படுகையையே போர்த்திக்கொண்டன. பூச்சிகளின் கூட்டமே மாறிப்போனது.

அந்த அளவை நம் ஊர்க் கணக்குக்குக் கொண்டுவந்து பார்த்தேன். டிஏபி உரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஒரு தேக்கரண்டி டிஏபி, அதாவது ஐந்து கிராம், முழுதாகக் கரைந்தால் ஒரு லட்சம் லிட்டர் ஓடை நீரை அந்த அளவுக்கு ஏற்றிவிடும். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரிகளில் எட்டு லாரித் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி! யூரியாவையும் கணக்குப் போட்டேன். 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து. அது மொத்தமும் ஓடைக்குப் போய், லிட்டருக்கு அரை மில்லிகிராம் சேர்வதாக வைத்துக்கொண்டால், நான்கு கோடி லிட்டர் நீருக்குப் போதும்.

மொத்தமும் போகாது. பயிர் எடுத்துக்கொள்ளும், மண் பிடித்துக்கொள்ளும். ஆனால் மலைச்சரிவில் எவ்வளவு தங்கும்?

இரண்டு சோதனையும் ஒரே ஓடையில்

நீலகிரிக்கு வருவோம். புல்வெளி மடிப்புகளில் கிடக்கும் சோலைக்காடுதான் அந்த மலையின் தண்ணீர்த் தொட்டி. காட்டுப்பூவரசும் நாவல் இனங்களும் தலைகோத்து நிற்கும் இருட்டுக்குள்ளிருந்து ஓடைகள் கசிந்து வரும். அவை குந்தா ஆறாக, குன்னூர் ஆறாகத் திரண்டு பவானியில் சேர்கின்றன. மோயாறு வேறு பக்கமாக வந்து பவானிசாகரில் கலக்கிறது. கோவையில் குழாயைத் திறப்பவர்கள் பலருக்கு வருவது பில்லூரில் தேங்கும் தண்ணீர். பவானி கூடுதுறையில் காவிரியோடு கலப்பதும் இந்த ஓடைகள்தான்.

சோலை நின்ற இடங்கள் பல இன்று தேயிலையாகவும் காய்கறித் தோட்டமாகவும் இருக்கின்றன. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளை, பூண்டு என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம். தோட்டம் ஓடையின் விளிம்பு வரை வந்துவிட்டது. ஒவ்வொரு போகத்துக்கும் அடியுரம், மேலுரம். தழைச்சத்து நைட்ரேட்டாகி மழை நீரோடு மண்ணுக்குள் இறங்கி ஊற்று வழியாக ஓடைக்கு வரும். மணிச்சத்து மண்துகளில் ஒட்டிக்கொண்டு சேறோடு வரும். அறுவடைக்குப் பின் கேரட் கழுவிய செம்மண் தண்ணீரும் ஓடையைத்தான் தேடுகிறது. உரம் வைத்த மறுநாள் கொட்டி மழை பெய்தால் காசு ஓடையோடு போயிற்று என்று எந்த மலைத் தோட்டக்காரருக்கும் தெரியும்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் கெட்டது. கோவீட்டாவில் ஓர் ஓடையில் இலையை நிறுத்திப் பார்த்தார்கள். மற்றோர் ஓடையில் சத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். நம் மலையில் கரையோர மரத்தை வெட்டி இலை வரத்தை நிறுத்தியிருக்கிறோம். அதே கரையில் உரம் வைத்து, மிச்சமிருக்கும் இலையையும் வேகமாகக் கரைக்கிறோம். இரண்டு சோதனைகளையும் ஒரே ஓடையில், ஒரே நேரத்தில் நடத்திக்கொண்டிருக்கிறோம். அளவெடுத்து எழுதிவைக்க மட்டும் ஆளில்லை.

உரமில்லாமல் விளைச்சல் ஏது, மலையூர்களின் கழிவுநீர்த் தொட்டிகள் கசிவதை முதலில் நிறுத்துங்கள் என்று விவசாயிகள் கேட்பதில் நியாயம் உண்டு. வெப்பமண்டல ஓடைகளில் இலை தின்னும் பூச்சிகள் குளிர் நாடுகளைவிடக் குறைவு, அங்குள்ள முடிவுகளை அப்படியே பொருத்தக் கூடாது என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் நம் ஓடையை நாமே அளக்க வேண்டும் என்றுதானே பொருள்?

அறிக்கையில் இல்லாத கட்டம்

என் கவலை முழுக்க இப்போது இந்த இடத்தில்தான் நிற்கிறது. நாம் தண்ணீரை அளப்பது நாம் குடிப்பதற்காக மட்டுமே.

இந்தியக் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். தழைச்சத்தாக மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 10 மில்லிகிராம். கோவீட்டாவின் ஐந்து ஓடைகளிலும் சத்து சேர்த்த பிறகும் தழைச்சத்து ஒரு மில்லிகிராமைத் தொடவில்லை. அதாவது, இலைச் சேமிப்பைப் பாதியாக்கிய அந்தத் தண்ணீரை நம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், நைட்ரேட் கட்டத்துக்கு நேராகத் தேர்ச்சி என்றுதான் வரும். மணிச்சத்துக்கோ அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை. ஆறுகளை ஏ முதல் இ வரை வகைபிரிக்கும் அளவுகோலிலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லை. மீனும் காட்டுயிரும் வாழத் தகுந்தது என்று ஒரு வகையே அதில் உண்டு. அதற்குக் கூட அமோனியா, ஆக்சிஜன், அமிலத்தன்மை ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.

அதையும் பெரிய ஆற்றில்தான் அளக்கிறோம். படுகர்கள் ஹள்ளா என்று அழைக்கும் சிற்றோடைகளுக்குப் பல வரைபடங்களில் ஒரு கோடுகூட இல்லை. கோடில்லாத இடத்துக்கு மாதிரி எடுக்க யார் போவார்கள்? ஒரு தாண்டலில் கடக்கக்கூடிய இந்த ஓடைகளில்தான் இலை விழுகிறது, இங்கேதான் பூஞ்சை ஏறுகிறது, இங்கிருந்துதான் கீழே உள்ள ஆற்றுக்குச் சோறு போகிறது. பவானியில் மீன் குறைந்தால் ஆற்றில் காரணம் தேடுவோம். மேலே உலை கொதிக்காமல் போனது யாருக்கும் தெரியாது.

ஒரு வலைப் பை போதும்

செய்ய வேண்டியது பெரிய கட்டுமானம் இல்லை. ஓடையின் இரு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்குத் தோட்டத்தைப் பின்வாங்கி, சோலை மரங்களை மறுபடி வளர்க்கலாம். வேர் சத்தைப் பிடித்துக்கொள்ளும், கிளை இலையைத் திருப்பித் தரும். இரண்டு காயத்துக்கும் அதுவே மருந்து. உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து வைக்கலாம். மழை அறிவிப்பு வந்த நாளில் மூட்டையைப் பிரிக்காமல் இருக்கலாம். இதில் விவசாயிக்கும் காசு மிச்சம்.

அளப்பதும் கடினமில்லை. ஐரோப்பாவில் நூறு ஓடைகளில் செய்ததன் சாரத்தை மலையூர்ப் பள்ளிப் பிள்ளைகள் செய்ய முடியும். உலர்ந்த நாவல் இலை பத்து கிராம் எடை போட்டு, வெங்காயம் வரும் வலைப் பையில் கட்டி ஓடையில் விட வேண்டும். அதே அளவு இலையைக் கொசுவலைத் துணியில் தைத்த பையிலும் விட வேண்டும். பெரிய கண்ணுள்ள பைக்குள் பூச்சி நுழையும், சின்னக் கண்ணுள்ளதில் நுழையாது. ஒரு மாதம் கழித்து இரண்டையும் எடுத்து அலசி, உலர்த்தி, எடை போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஓடையின் பூச்சிகள் தின்ற பங்கு. சோலைக்குள் ஓடும் ஓடையில் ஒரு ஜோடி, கேரட் தோட்டத்துக்குக் கீழே ஒரு ஜோடி.

தோட்டத்துக்குக் கீழே இரண்டு பைகளிலும் ஒரே எடை நின்றால், அங்கே இலை தின்ன யாரும் வரவில்லை என்று பொருள். எந்தக் குடிநீர் அறிக்கையும் சொல்லாத அந்தச் செய்தியை ஓர் ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் நோட்டில் எழுதுவாள். அடுத்த பருவமழை முடிந்து ஓடை தெளியும்போது முதல் பை இறங்கட்டும்.