விடிய விடிய நரசிம்மம்!

கோடை வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்று பெட்டி கட்டுகிறவர்கள் கட்டட்டும். பேராவூரணிப் பக்கத்துக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் எதற்கு? நூறு கிலோமீட்டருக்குள்ளேயே ஒரு கோடை விழா இருக்கிறது. டிக்கெட் கிடையாது. குளிர் கிடையாது. தூக்கமும் கிடையாது!

தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில், திட்டையைத் தாண்டி, திருக்கருகாவூர் போகும் வழியில் இருக்கிற மெலட்டூர்தான் அந்த ஊர். விழாவுக்குப் பெயர் பாகவத மேளா. நரசிம்ம ஜயந்தி அன்று ராத்திரி 'பிரகலாத சரித்திரம்' நாடகத்தோடு தொடங்கும். அடுத்தடுத்த ராத்திரிகளில் மற்ற நாடகங்கள்.

"நாடகம் தமிழ்தானே?" என்று கேட்பீர்கள். இல்லை, சுத்தத் தெலுங்கு! தஞ்சையை நாயக்கர்கள் ஆண்டபோது அரசவையில் தெலுங்குக்குத்தான் முதல் மரியாதை. அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்து இங்கே குடியேற்றினார் என்கிறது ஊர் வரலாறு. அச்சுதபுரம் என்று அவர் பெயரிலேயே ஊரை அழைத்திருக்கிறார்கள். பின்னால் மராட்டியர் ஆட்சி வந்தும் தெலுங்கின் செல்வாக்கு குறையவில்லை. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் தெலுங்கில் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் நாடகங்களாக எழுதித் தள்ளினார். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கத சரித்திரம், மார்க்கண்டேய சரித்திரம், அரிச்சந்திரா என்று அவர் எழுதியவைதான் இன்றும் நடக்கின்றன.

தெலுங்கு தெரியாதே என்று தயங்க வேண்டாம். இரணியன் போடுகிற அதட்டலுக்கு எந்த பாஷை வேண்டும்? கதை நமக்குப் பாட்டி சொன்ன கதை. பாட்டும் நம்ம கர்னாடக ராகம்.

கோவில் தெருவிலேயே மேடை. எதிரே சுவாமியை எழுந்தருளச் செய்து விடுகிறார்கள். முதல் ரசிகர் அவர்தான். நாமெல்லாம் நடுவில் உட்கார்ந்து ஓசியில் பார்க்கிறவர்கள். முதலில் கோணங்கி வருவான். உயரக் குல்லாய் வைத்துக்கொண்டு அவன் போடுகிற குதியாட்டத்தில், பின்வரிசையில் கண்ணை மூடிய தாத்தா கூட நிமிர்ந்து உட்கார்ந்து விடுவார். அப்புறம் பிள்ளையார் முகமூடியோடு ஒரு சின்னப் பையன். பிறகுதான் கதை.

இங்கே யாரும் சும்மா நடந்து மேடைக்கு வந்துவிட முடியாது. இரண்டு பேர் திரைச்சீலையைப் பிடித்துக்கொள்ள, அதற்குப் பின்னால் பாத்திரம் வந்து நிற்கும். அதற்கென்றே ஒரு பாட்டு, 'பிரவேச தரு'. இரணியன் என்றால் அவன் வீரம், லீலாவதி என்றால் அவள் அழகு. பாட்டோடு ஆடியபடிதான் வரவேண்டும். நம்ம சினிமா ஹீரோக்களின் அறிமுகப் பாட்டெல்லாம் என்ன பிரமாதம்? மெலட்டூரில் வில்லனுக்கே உண்டு!

லீலாவதி என்றேனே, அது ஆண். சந்திரமதியும் ஆண்தான். பாகவத மேளாவில் பெண் வேஷங்களையும் ஆண்களே கட்டுவது மரபு. பகலில் வேட்டியும் துண்டுமாகப் பார்த்த மனிதர் ராத்திரி பிள்ளைக்காகக் கண்ணீர் விடும்போது, "அட, அவரா இவர்?" என்று தோன்றாது. தாய் ஒருத்திதான் கண்ணுக்குத் தெரிவாள்.

நடிப்பவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை என்பது இதில் பெரிய விஷயம். பரம்பரையாக இதைச் செய்கிற குடும்பத்துக்காரர்கள். வெளியூரில் வேலை பார்த்தாலும் லீவு போட்டு வந்து வேஷம் கட்டுகிறார்கள். சம்பளத்துக்கு இல்லை, சுவாமிக்கு.

ஆனாலும் ஒரு காலத்தில் இந்தக் கலை நலிந்துதான் போயிற்று. பரதநாட்டியத்துக்காகப் போராடிய வக்கீல் இ.கிருஷ்ணய்யர்தான் இதையும் வெளியுலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அவரே மெலட்டூர் நடேசய்யரிடம் ஆட்டம் கற்றவர்! பிறகு ருக்மிணி தேவி, கலாக்ஷேத்ராவில் இந்த நாடகங்கள் சிலவற்றை மேடையேற்றினார். பெரியவர்கள் கை கொடுத்ததால் பிழைத்தது. இனி பிழைப்பது யார் கையில்?

நம்ம கையில்தான், இன்னும் சரியாகச் சொன்னால், நம்ம கண்ணில். நரசிம்மம் தூணைப் பிளந்து வருவது விடியும் நேரத்துக்கு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போகிறவர்களுக்கு இரணியன் மட்டும்தான் கிடைப்பான். நரசிம்ம முகமூடி கோவிலில் வைத்து வழிபடப்படுவது. அணிகிறவர் விரதம் இருந்து அணிகிறார். அணிந்ததும் சுவாமியே இறங்கிவிட்டார் என்று ஊர் நம்புகிறது. இரணியன் மேல் பாய்கிறவரை ஆட்கள் சேர்ந்து இழுத்துப் பிடிக்கிறார்கள். தெருவே எழுந்து நின்று கும்பிடுகிறது. பாதிக் கூட்டம் நடுராத்திரியே கலைந்துவிட்டால், லீவு போட்டு வந்தவர் யார் முகத்தைப் பார்த்து ஆடுவார்? சுவாமி இருக்கிறார், சரி. நாமும் கொஞ்சம் இருந்தால் என்ன?

அதனால் 'போய்ட்டு உடனே திரும்பிடலாம்' என்ற பேச்சே வேண்டாம். தங்குகிற திட்டத்தோடு கிளம்புங்கள். மெலட்டூர் சின்ன ஊர். லாட்ஜுக்குத் தஞ்சாவூர்தான் சௌகரியம். பேராவூரணியிலிருந்து பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வழியாக எழுபது கிலோமீட்டர் சொச்சம். மத்தியானமே ரூம் போட்டுவிட்டு நன்றாகத் தூங்குங்கள். 'தஞ்சாவூர் வந்து பெரிய கோவில் பார்க்காமலா?' என்று வீட்டில் குரல் கேட்கும். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்தது. இன்னும் ஒரு நாள் காத்திருக்கும். மே மாச வெயிலில் அந்தக் கல்தளத்தில் மத்தியானம் கால் வைத்தால், பாகவத மேளாவுக்கு முன்னாலேயே நீங்கள் ஆட ஆரம்பித்துவிடுவீர்கள்! சாயங்காலம் எழுந்து, டிபனை முடித்து, மெலட்டூருக்குப் புறப்படலாம்.

மேட்டூர் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. அதனால் வழியில் ஆறுகள் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். 'காவிரி எங்கே?' என்று பிள்ளைகள் கேட்டால் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தேதியைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம்ம நீலகண்டப் பிள்ளையார் கோவில் சித்திரைத் திருவிழாவோடு மோதக்கூடும். 2024-ல் சித்ரா பௌர்ணமிக்கும் நரசிம்ம ஜயந்திக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மாசம் இருந்தது. 2025-லோ மே 11 ஜயந்தி, மறுநாளே சித்ரா பௌர்ணமி! அப்படி வந்தால், பிள்ளையாரைக் கோபித்துக்கொள்ள வைக்காதீர்கள். முதலில் அவரைக் கும்பிட்டுவிட்டு, அடுத்து வரும் ராத்திரிகளில் ஒன்றுக்குப் போங்கள்.

கூடவே எடுத்துப் போக வேண்டியவை: உட்கார ஜமக்காளம், விசிறி, தண்ணீர், பிளாஸ்க்கில் காபி. வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியது ஒன்றே ஒன்று: கைக்கடிகாரம்.