ஒடுங்கிய குழிக்குள் இறங்கும் பலம்

செலாயாங்கிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் பத்துமலை. படியேறி நாம் முருகனைக் காணும் அந்தச் சுண்ணாம்புப் பாறை குன்றோடு முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டு வயதான அதே பாறை, கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் மண்மூடிக் கிடக்கிறது. மலைக்குள் குகைகளைக் குடைந்த நீர் அங்கேயும் பொந்துகளைக் குடைந்திருக்கிறது. அப்படிப்பட்ட நிலத்தில் ஓரிரு மீட்டர் அகலமே உள்ள குழியை நேர்கீழாக எப்படித் தோண்டுகிறார்கள்?

சாலையோரம் நாம் பார்க்கும் 20 டன் எக்ஸ்கவேட்டர் ஆறேழு மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். அதன் கை மடங்கி நிமிர இடம் வேண்டும். ஒடுங்கிய குழிக்குள் அந்த இடம் கிடையாது. ஆகவே சில இயந்திரங்களுக்கு ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் கையைப் பொருத்தினார்கள். அதன் நுனியில் இரண்டு தாடைகள் கொண்ட வாளி. அது நேராக இறங்கி, மண்ணைக் கவ்வி, நேராக மேலேறும். 20 மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இப்படித் தோண்டலாம். அதைவிட ஆழம் வேண்டுமென்றால் சுழல் துளைப்பான் வரும். கெல்லி எனப்படும் நீளும் கம்பியின் முனையில் பற்கள் பதித்த வாளி சுழன்று மண்ணைச் சுரண்டி நிரப்பிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பலம் தருவது அழுத்தப்பட்ட எண்ணெய். மூடிய கலத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிளெய்ஸ் பாஸ்கல் விளக்கினார். இன்றைய இயந்திரங்களில் இந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 350 கிலோ வரை எட்டும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டன் அந்த அழுத்தத்தில் 27 டன் விசையோடு தள்ளும். எஞ்சின் மேலேயே நிற்க, வளைந்து செல்லும் ரப்பர் குழாய் வழியாகப் பலம் மட்டும் குழிக்குள் இறங்குகிறது. மனிதர் இறங்கினால் மூச்சுத் திணறும் ஆழத்தில் வாளி மட்டும் வேலை செய்கிறது.

ஆழக் குழியின் சுவர் சரியாமலிருக்க, பெண்டோனைட் களிமண் கலந்த குழம்பை அதில் நிரப்புவார்கள். குழம்பின் எடையே சுவரைத் தாங்கும். சுண்ணாம்புப் பொந்து ஒன்று திறந்துகொண்டாலோ, குழம்பு அதற்குள் பாய்ந்து குழியின் மட்டம் சட்டென இறங்கிவிடும். தாங்கலை இழந்த சுவர் சரியும். மேலே தரையும் உள்வாங்கலாம்.

கோலாலம்பூர் இதை நன்றாக அறியும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கு முதலில் குறித்த இடத்தின் அடியில் பாறை சீராக இல்லாததால், கட்டுமானத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். அடித்தளத் தூண்கள் 60 முதல் 115 மீட்டர் வரை இறங்கி, மண்ணின் உராய்வில் நிற்கின்றன. எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்காக எம்எம்சி காமுடாவும் ஜெர்மனியின் ஹெரன்க்னெக்ட் நிறுவனமும் சேர்ந்து, பொந்துள்ள பாறைக்கு ஏற்பக் குழம்பின் அடர்த்தியை மாற்றிக்கொள்ளும் துளைப்பு இயந்திரத்தை 2013இல் களமிறக்கின. அந்த இயந்திரமும் செங்குத்துக் குழி வழியாகத்தான் நிலத்தடிக்கு இறங்கியாக வேண்டும்.

எத்தனை டன் விசை இருந்தாலும் தனக்குக் கீழே பாறையா பொந்தா என்பது வாளிக்குத் தெரியாது. அதைச் சொல்வது முன்கூட்டியே செய்யும் மண்ணாய்வு. செலாயாங் வட்டாரத்தில் வீட்டுக்கு அடித்தளமோ கிணறோ தோண்ட நினைப்பவர்கள், இயந்திரத்தை அழைக்கும் முன் மண்ணாய்வாளரை அழையுங்கள்.