முழங்கால் மூட்டு: முழுதும் மாற்ற வேண்டுமா?

புது தில்லி: பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000-ம் ஆண்டில் இடது முழங்காலிலும், 2001-ல் வலது முழங்காலிலும் மும்பையில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தபோது, நாடெங்கும் அது பேச்சாயிற்று. ஆயினும், செயற்கை மூட்டின் விலை சாமானியருக்கு எட்டாததாகவே இருந்தது.

2017 ஆகஸ்ட் 16-ல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதற்கு உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலை, சராசரியாக ரூ.1.58 லட்சத்திலிருந்து வரி நீங்கலாக ரூ.54,720 ஆகக் குறைக்கப்பட்டது.

ஆனால், முழு மூட்டையும் மாற்றத்தான் வேண்டுமா என்பதை விலை ஆணை தீர்மானிக்காது. தேய்மானம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து, மூட்டைப் பிணைக்கும் நார்கள் உறுதியாக இருந்தால், அப்பகுதியை மட்டும் மாற்றலாம். எலும்பு குறைவாகவே நீக்கப்படும். நோயாளி விரைவில் நடமாடுவார். எனினும், மறு அறுவைச் சிகிச்சைக்கான வாய்ப்பு இதில் அதிகம் என்பதைப் பல நாடுகளின் பதிவேடுகள் காட்டுகின்றன.

பிரிட்டனில் 528 பேரிடம் ஐந்தாண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2019-ல் வெளியானது. இரு முறைகளிலும் பலன் ஏறத்தாழ சமம். பகுதி மாற்றில் செலவு குறைவு.

எனவே, கட்டணம் எவ்வளவு என்று கேட்கும் நோயாளி, மூட்டில் தேய்ந்தது எவ்வளவு என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.