கேட்டதே சொல்லான கதை

வேற்றுமைத் திரிபுகளைப் பாடமாக்கி என்ன பயன் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஸ்லாவியப் பெயர்ச்சொல் ஒன்றைக் கொண்டு இன்று விடை கூறலாம் என எண்ணுகிறேன்.

ருஷ்ய மொழியிலே 'ஸ்லோவோ' என்றால் சொல். செக், ஸ்லோவாக் மொழிகளிலும் அவ்வாறே. இவற்றுக்கெல்லாம் தாயான மூல ஸ்லாவியத்தை எவரும் எழுதி வைக்கவில்லை. மக்களின் சாயலைக் கொண்டு தாயின் முகத்தை வரைவதுபோல அறிஞர் அதனை மீட்டெடுத்தனர். அப்படி மீட்ட சொல்லின் முன்னே உடுக்குறி இடுவது மரபு. கண்டதன்று, உய்த்துணர்ந்தது என்பது அதன் பொருள்.

அம்மொழியில் எழுவாய் 'ஸ்லோவோ'. 'சொல்லினது' என்னும்போதோ 'ஸ்லோவெஸெ', பன்மை 'ஸ்லோவெஸா'. எழுவாயில் இல்லாத ஸகரம் இடையிலே எங்கிருந்து வந்தது? வரவில்லை, நேயர்களே, முன்னரே இருந்தது. சொல்லின் பழைய அடி ஸகர ஈறு. மூல ஸ்லாவியத்திலே சொல்லிறுதி மெய்கள் உதிர்ந்தன. எழுவாயில் இறுதியில் நின்ற ஸகரமும் போயிற்று; ஏனைய வேற்றுமைகளில் பின்னே உருபு காவல் நின்றதால் பிழைத்தது. நமது 'மரம்' 'மரத்தை' ஆவது நினைவுக்கு வரலாம். அங்கே வருவது அத்துச் சாரியை. இதுவோ அடியின் சொந்த எழுத்து.

அந்த ஸகரமே உறவுக்குச் சாட்சி. சமஸ்கிருதத்தில் 'சிரவஸ்', ஆறாம் வேற்றுமையில் 'சிரவஸஸ்', கிரேக்கத்தில் 'கிளெயொஸ்'. இரண்டும் புகழைக் குறிப்பவை. மூன்றும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'கேள்' என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தவை. நாம் அறிந்த 'சிரவணம்' அதே குடும்பம். புகழ் என்பது பிறர் வாயாற் கேட்கப்படுவதுதானே? ரிக்வேதத்திலும் ஹோமரிலும் 'அழியாப் புகழ்' என்ற தொடர் இச்சொற்களோடு வருவதை 1853இல் அடல்பேர்ட் கூன் எடுத்துக்காட்டினார். ஸ்லாவியரிடமோ புகழுக்கு 'ஸ்லாவா' என்ற உறவுச்சொல் நின்றது. 'ஸ்லோவோ' செவியில் விழும் சொல்லுக்கே உரியதாயிற்று. பழைய ஸ்லாவிய பைபிள் மொழிபெயர்ப்பில் யோவான் சுவிசேஷத்தின் 'லோகொஸ்' 'ஸ்லோவோ' எனவே வருகிறது.

நமது 'சொல்'லையும் இதனோடு சேர்த்துவிடச் சிலருக்கு ஆசை வரும். முதலெழுத்தும் பொருளும் ஒத்தால் போதாது. 'சொல்' என்பதன் திரிபில் அந்த ஸகரம் எங்கே? வினையடியோ 'கேள்' அன்று. திரிபைப் பாடமாக்காதவர் இங்கே ஏமாந்து போவார்.

இன்றைய ருஷ்யர் 'சொல்லினது' என்பதற்கு 'ஸ்லோவா' என்றே சொல்கின்றனர். பெரும்பான்மை வாய்பாடு சிறுபான்மையை விழுங்கிவிட்டது. ஆயினும் 'ஸ்லோவெஸ்னொஸ்த்' என்ற இலக்கியத்துக்கான ருஷ்யச் சொல்லிலும், 'ஸ்லோவெஸோ' என்ற வினைச்சொல்லுக்கான செக் சொல்லிலும் ஸகரம் ஒளிந்திருக்கிறது. ஸ்லோவேனியரிடமோ பழைய திரிபே உயிரோடு உண்டு: 'ஸ்லோவோ', 'ஸ்லோவெஸா'. பொருள்தான் மாறிவிட்டது. அங்கே அது பிரியாவிடை.