உணவும் உள்ள நோயும்

உள்ள நோயை உணவால் தணிக்க இயலுமா? மருத்துவ அறிஞர் இன்று ஆராயும் வினா இது. மாவுப்பொருளை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்து உண்டால், கல்லீரல் கீட்டோன் என்னும் பொருளை ஆக்கும். மூளை சர்க்கரைக்கு ஈடாக அதனை எரிபொருளாகக் கொள்ளும். இம்முறையை வலிப்பு நோய்க்கென 1921-இல் வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் வைல்டர். வலிப்பு மருந்துகள் சில மனநோய்க்கும் உதவுவதால், இவ்வுணவும் உதவுமோ என அறிஞர் எண்ணலாயினர்.

விடை காணும் வழியை மலாயா முன்னரே காட்டியுள்ளது. புழுங்கலரிசி உண்ட தோட்டத் தமிழரைப் பெரிபெரி அரிதாகவே தாக்கிற்று. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரோ பலர் மாண்டனர். 1905 இறுதியில் டாக்டர் ஃபிளெச்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை நோயாளரை ஒருவர்விட்டு ஒருவராக இரு கூறாக்கி, இவ்விரு அரிசியையும் தனித்தனியே அளித்தார். இடம் காரணமோ என ஐயுற்று, இடையில் இருப்பிடத்தையும் மாற்றினார். ஓராண்டில் பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் அந்நோயால் இறந்திலர். நெல்லைப் புழுக்குங்கால் தவிட்டின் பி1 சத்து அரிசிக்குள் ஊறுவதே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

கீட்டோன் உணவு இத்தகைய ஒப்பீட்டில் இன்னும் முழுமையாகத் தேறவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 21 பேரே பங்குகொண்டனர். பலர் நலம் கண்டனர். எனினும் ஒப்பிட மறுகுழு இல்லை. அவர்கள் மருந்துடனேயே இவ்வுணவை உண்டனர் என்பதும் கருதத்தக்கது. ஆகவே, சோற்றை விட்டால் மாத்திரை வேண்டா என்பார் சொல்லை நம்பி மருந்தை நிறுத்துதல் தகாது. நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடங்குதலும் ஆகாது.