டீசல் கார் முதுகைப் பிடித்துத் தள்ளுவது எப்படி?

லாரிக்குத்தான் டீசல் என்று நினைக்கிறீர்களா? 2009 மாடல் பி.எம்.டபிள்யூ 335டி சொகுசு காரைப் பாருங்கள். குதிரைத்திறன் 265, அதன் பெட்ரோல் உடன்பிறப்பு 335ஐ-க்கோ 300. ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் விசையில் டீசலே முந்துகிறது, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,750 முறை சுற்றும்போதே!

எப்படி?

விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று நிறையப் போனால்தான் நெருப்பு சீறும். எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது டர்போ. அதைச் சுழற்றுவது எஞ்சின் வெளியே தள்ளும் புகை. மெதுவாக ஓடும்போது புகை குறைவு; பெரிய டர்போ எளிதில் சுழலாது.

அதனால் இந்தக் காரில் இரண்டு டர்போ வைத்தார்கள். சின்னது ஊதுகுழல் மாதிரி, மிதித்ததும் ஊதும். வேகம் ஏறியதும் பெரியது, கொல்லன் துருத்தி மாதிரி வேலையை வாங்கிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

டீசல் காரை ஓட்டிப் பார்க்கப் போகிறீர்களா? உச்ச வேகத்தை விடுங்கள். மெதுவாகப் போகையில் மிதித்துப் பாருங்கள்.