உங்களுக்குத் தெரியுமா? பெட்ரோல் ஹெலிகாப்டரின் ஆயுள் டயல் கேஜ் முள்ளில்!

ரிமோட்டில் பறக்கும் பெட்ரோல் ஹெலிகாப்டர்கள் பலவற்றின் இதயம், புதர் வெட்டும் இயந்திரங்களில் இருக்கும் அதே 23 முதல் 30 சி.சி. வரையிலான டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். மெத்தனால் எரிபொருளைவிடப் பெட்ரோல் சிக்கனம் என்பதற்கு வேதியியலே சாட்சி. ஒரு கிராம் மெத்தனால் எரிய சுமார் 6.5 கிராம் காற்று போதும், பெட்ரோலுக்கோ 14.7 கிராம் வேண்டும். ஆக, எஞ்சின் இழுக்கும் அதே காற்றுக்குப் பெட்ரோல் பாதிக்கும் குறைவாகவே செலவாகிறது.

“எடை அதிகம், அதிர்வு அதிகம், சூடு அதிகம்” என்று ஆட்சேபிப்பவர்கள் சொல்வது பொய்யல்ல. எடையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மற்ற இரண்டும் கட்டுகிறவர் கையில் இருக்கின்றன. முதலில் அதிர்வு. கிராங்க் தண்டில் குளிர்விக்கும் விசிறியை மாட்டியதும், அதன் மையப் பகுதியில் டயல் கேஜின் முனையை வைத்துக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். முள் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குக்கு மேல் ஆடினால், கழற்றித் திருப்பி மாட்டுவதே நல்லது. நிமிடத்துக்கு 10,000 சுற்றைத் தாண்டும்போது அந்தச் சிறு கோணல் பேரிங்கைத் தின்றுவிடும், போல்ட்டுகளையும் தளர்த்திவிடும். சூடு வேறு கதை. மெத்தனால் ஆவியாகும்போதே எஞ்சினைக் குளிர்விக்கிறது. பெட்ரோலுக்கு அந்தக் குணம் குறைவு. அதனால் விசிறிக் கூட்டில் காற்று ஒழுகும் இடைவெளிகளை அடைத்துவிட்டு, கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஹை ஊசியைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்து வைத்துத் தொடங்க வேண்டும்.

பேட்டரியில் பறக்கும் ஹெலிகாப்டர் எளிது என்பதும் உண்மைதான். ஆனால் பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் டேங்க்கோ நொடிகளில் நிரம்பிவிடும். 246 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட யமஹா ஆர்மேக்ஸ் என்ற ரிமோட் ஹெலிகாப்டர், ஜப்பானிய நெல்வயல்களில் மருந்து தெளித்தே பேர் வாங்கியது.